பழைய செயின்சா மக்கர் செய்தால் எங்கே தேடுவது?

பழைய செயின்சா ஒன்று கைக்கு வந்ததும் பலர் செய்கிற முதல் காரியம், ஸ்க்ரூடிரைவரை எடுத்து கார்பரேட்டரில் இருக்கிற திருகுகளைத் திருப்பிப் பார்ப்பது. அது கடைசியில் வர வேண்டிய வேலை. முன்பு நன்றாக ஓடிய எஞ்சின் இப்போது ஓடவில்லை என்றால், திருகு தானாகச் சுற்றிக்கொண்டது காரணமாக இருக்காது. எங்கோ பெட்ரோல் தடைபடுகிறது, இல்லை காற்று புகுகிறது, இல்லை பொறி விழவில்லை. திருகைத் திருப்பி அந்தக் கோளாறை மறைத்துவிட்டால் மெஷின் அன்றைக்கு ஓடும்; கொஞ்ச நாளில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதனால் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருப்பதில் திருகுகளின் முறை கடைசியில்தான் வரும்.

எதையும் தொடும் முன்

பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), செயின் இரண்டையும் கழற்றித் தனியே வையுங்கள். மிகப் பழைய மெஷின்கள் பலவற்றில் செயின் பிரேக்கே கிடையாது. எஞ்சினைச் சோதிக்கும்போது செயின் அதில் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை வெளியே எடுத்துவிடுங்கள். அதில் வார்னிஷ் வாடை அடித்தால் கார்பரேட்டரையும் கட்டாயம் திறந்தாக வேண்டும்.

அப்புறம் சைலன்சரைக் கழற்றுங்கள். டார்ச் அடித்து எக்ஸாஸ்ட் துளை வழியாக உள்ளே பாருங்கள். கயிற்றை மெல்ல இழுத்தால் பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதன் அந்தப் பக்கம் முழுக்கக் கண்ணில் படும். கடைசல் போட்டபோது விழுந்த மெல்லிய குறுக்குக்கோடுகள் இன்னும் தெரிந்தால் பிஸ்டன் நல்ல நிலையில் இருக்கிறது. மேலிருந்து கீழாக நெடுங்கீறல் இருந்தால், அது எந்தப் பக்கம் என்று கவனியுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கீறியிருந்தால் அதிகச் சூடு. பெரும்பாலும் பெட்ரோல் போதாமல், காற்று மிகுந்து ஓடியிருக்கிறது. கார்பரேட்டரைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கமாகப் பார்க்கும்போது பிஸ்டன் மங்கலாகத் தேய்ந்திருந்தால், கிழிந்த ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது. சுற்றிலும் கீறியிருந்தால் யாரோ ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் புது பிஸ்டன் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

கயிறு இழுக்கவே வரவில்லை

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். இப்போது கயிறு வந்தால் சிலிண்டருக்குள் பெட்ரோல் தேங்கியிருந்தது என்று அர்த்தம். மெஷினைக் கவிழ்த்து, சில முறை இழுத்துக் காயவிடுங்கள். பிளக் இல்லாமலும் வரவில்லையா? ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். அது சுற்றினால் கோளாறு கயிற்றுச் சுருளிலோ ஸ்பிரிங்கிலோதான். சுற்றாவிட்டால் பிஸ்டன் பிடித்திருக்கிறது. வெறும் துருவால் பிடித்திருந்தால் பிளக் துளை வழியாக ஊடுருவும் எண்ணெய் விட்டு, பல நாள் ஊறவிட்டு, ஃப்ளைவீலை முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்தாலே விட்டுக்கொடுக்கும். பிளக் துளையில் கம்பியை விட்டுத் தட்டக் கூடாது.

கயிறு ரொம்ப லேசாக வருகிறது

கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலே ஏறும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், குறைவு. கருவி இல்லாமலே ஒரு முதற்சோதனை செய்யலாம்: கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தொங்கவிடுங்கள். நல்ல எஞ்சின் தயங்கித் தயங்கி, விட்டு விட்டு இறங்கும். தேய்ந்த எஞ்சின் ஒரே மூச்சில் தரைக்கு வந்துவிடும்.

கம்ப்ரஷன் கேஜ் வைத்திருந்தால் ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, முள் மேலே ஏறுவது நிற்கும் வரை இழுங்கள். 150 பிஎஸ்ஐ வந்தால் கவலையில்லை. 120 என்றால் ஓடும், ஆனால் வலு குறைந்திருக்கும். 100க்குக் கீழே போனால் ஸ்டார்ட் செய்வதே பாடு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. காருக்கான நீள ஹோஸ் கேஜ் சின்ன எஞ்சினில் குறைத்தே காட்டும்; ஹோஸுக்குள் இருக்கும் காலியிடமும் சிலிண்டரோடு சேர்ந்துவிடுவதுதான் காரணம். ஒருவழி வால்வு பிளக் மரைக்குப் பக்கத்திலேயே இருக்கிற கேஜ்தான் இதற்குச் சரி.

அளவு குறைவாக இருந்து, பிஸ்டனில் கீறலும் இல்லை என்றால் ரிங் கரி பிடித்துத் தன் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இழுப்பை லேசாக்கும் டிகம்ப்ரஷன் வால்வு உள்ள மாடலில் அதுவும் ஒழுகலாம்.

சிலிண்டரைக் கழற்ற வேண்டி வந்தால்: உள்சுவரில் அலுமினியம் அப்பியிருந்தாலே சிலிண்டர் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலான சிலிண்டர்களின் உட்புறம் குரோம் அல்லது நிக்கல் பூச்சு; அப்பியிருப்பது பிஸ்டனின் அலுமினியம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் அப்பிய இடத்தில் மட்டும் தொட்டு வைத்தால் நுரைத்துக் கரையும். நுரைப்பது நின்றால் அலுமினியம் தீர்ந்தது. துளைகளின் ஓரத்தில் பூச்சில்லாத அலுமினியம் வெளியே தெரியும். அங்கே அமிலம் பட்டால் சிலிண்டரையே தின்னும். பூச்சு உரிந்த இடத்திலும் அப்படித்தான். வேலையைத் திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள். முடிந்ததும் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, துடைத்து, உடனே எண்ணெய் தடவுங்கள். அமிலத்தோடு மல்லுக்கட்ட விருப்பமில்லை என்றால் நைஸ் எமரி தாளைக் குறுக்குமறுக்காகத் தேய்த்தும் எடுக்கலாம். நேரம் ஆகும், பயம் இல்லை. விரல் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டும்போது எங்காவது சிக்கினால் அந்தச் சிலிண்டர் தேறாது.

பிஸ்டனைத் திரும்பப் போடும்போது அதன் தலையில் இருக்கும் அம்பு எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் இரு முனைகளும் பள்ளத்தில் உள்ள சின்ன ஊசியின் இரு பக்கமும் உட்கார வேண்டும். தவறினால் முனை துளையில் மாட்டி உடையும். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் வளையக் கிளிப்பான சர்க்ளிப்பின் வாய் நேர் மேலே அல்லது நேர் கீழே இருக்கட்டும். கழற்றிய சர்க்ளிப்பை மறுபடி போடாதீர்கள், புதிதாகவே போடுங்கள். சிலிண்டருக்கு அடியில் உள்ள கிராங்க்கேஸின் வாயில் துணியை அடைத்துக்கொள்ளுங்கள். சர்க்ளிப் தெறித்து உள்ளே விழுந்தால் வேலை இரட்டிப்பாகும்.

இழுப்பு நன்றாக இருக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

பலமுறை இழுத்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறியைத் தேடுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோலைத் தேடுங்கள்.

பொறி: பிளக் முனைகளின் இடைவெளி 0.5 மி.மீ. பிளக்கின் உடலைச் சிலிண்டரின் உலோகத்தில் அழுத்திப் பிடித்து இழுங்கள், ஆனால் பிளக் துளையிலிருந்து விலக்கி. அங்கிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பொறி இல்லையென்றால், பொறிக்கு மின்சாரம் தரும் காயிலைப் புதிதாக வாங்கும் முன் சுவிட்சுக்குப் போகும் ஒயரைக் காயில் பக்கத்தில் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள். தோல் உரிந்து உடலைத் தொடுகிற அந்த ஒயரால் குப்பைக்குப் போன நல்ல காயில்கள் ஏராளம். அடுத்தது, காயிலுக்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் உள்ள இடைவெளி. பொதுவாக 0.2 முதல் 0.3 மி.மீ.; ஒரு விசிட்டிங் கார்டை நடுவில் வைத்து இறுக்கினால் போதும். காந்தத்தின் முகத்தில் துரு இருந்தால் தேய்த்து எடுங்கள்.

ஹோம்லைட் எக்ஸ்எல் 12 காலத்து மெஷின்களில் ஃப்ளைவீலுக்கு அடியில், மின்சாரத்தைத் துண்டித்துப் பொறி விழ வைக்கும் பாயின்ட்டும் அதோடு சேர்ந்த கண்டென்சரும் இருக்கும். பெரும்பாலானவற்றுக்கு பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.4 மி.மீ. வருடக்கணக்கில் சும்மா கிடந்த மெஷினில் பாயின்ட் முகத்தில் ஒரு படலம் படர்ந்து மின்சாரத்தைத் தடுக்கும். நைஸ் எமரியால் லேசாகத் தேய்த்து, அப்புறம் சுத்தமான காகிதத்தை நடுவில் வைத்து இழுத்துத் துடைத்தாலே பாதி மெஷின்களில் பொறி வந்துவிடும். பாயின்ட் கருகியிருந்து பொறியும் மஞ்சளாக, சோனியாக இருந்தால் கண்டென்சரை மாற்றுங்கள்.

பொறியும் பெட்ரோலும் இருந்தும் கயிறு கையைப் பின்னுக்கு வெடுக்கென்று இழுக்கிறதா, கார்பரேட்டர் வழியாக வெடிக்கிறதா? ஃப்ளைவீலைத் தண்டோடு பிடிக்கும் சாவி பாதி வெட்டுப்பட்டு, பொறி விழும் நேரம் தவறியிருக்கும். ஃப்ளைவீலைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பெட்ரோல்: பிளக் துளையில் சில சொட்டு கலவை (ஆயில் கலந்த பெட்ரோல்) விட்டு, பிளக்கை மாட்டி இழுங்கள். ஒரு நொடி ஓடி நின்றால் எஞ்சின் நலம், பெட்ரோல் வழிதான் அடைப்பு. டேங்கிற்குள் இருக்கும் ஃபில்டரைக் கம்பிக் கொக்கியால் வெளியே இழுத்து மாற்றுங்கள். ஹோஸை வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும். டேங்கிலிருந்து வெளிவரும் வளைவில்தான் பெரும்பாலும் வெடிக்கும்.

அப்புறம் கார்பரேட்டர். வால்ப்ரோ, டில்லட்சன், ஜாமா எதுவாக இருந்தாலும் உள்ளே அமைப்பு ஒன்றுதான். மிதவை கிடையாது, அதற்குப் பதில் டயாப்ரம் என்கிற மெல்லிய சவ்வு. மரம் அறுக்கும்போது மெஷினை எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓடுவது இதனால்தான். ஒரு பக்க மூடிக்குள் பம்ப் டயாப்ரம், மறுபக்கம் அளவு பார்க்கும் டயாப்ரம். இரண்டாவதை விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்க வேண்டும். காய்ந்த சருகு போல விறைத்து, தொட்டால் சடசடவென்று ஒலித்தால் கிட் வாங்கி மாற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும். உள்ளே இருக்கும் சின்ன வலையில் பச்சை நிறப் பிசின் ஒட்டியிருக்கும், அதையும் எடுங்கள். பெட்ரோலை அடைக்கும் ஊசியின் நுனியில் வளையம் போலத் தடம் விழுந்திருந்தால் அது மூடாது. மெஷின் எப்போதும் பெட்ரோலில் முங்கும். கேஸ்கெட், டயாப்ரம் வரிசை மாறினாலும் கார்பரேட்டர் வேலை செய்யாது. கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

பழைய ஹோம்லைட், மெக்கல்லக் மெஷின்கள் பலவற்றில் கார்பரேட்டருக்குப் பின்னால், ஒரு பக்கம் மட்டும் திறக்கும் மெல்லிய தகடான ரீட் வால்வு இருக்கும். ஓடும்போது கார்பரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் புகை போலப் பின்னுக்குத் துப்பினால் ரீட் உடைந்திருக்கிறது அல்லது சரியாக மூடவில்லை.

ஸ்டார்ட் ஆகிறது, ஆக்சிலேட்டர் கொடுத்தால் அணைந்துவிடுகிறது

பெட்ரோல் போதவில்லை. மேலே சொன்ன விறைத்த டயாப்ரம், அடைத்த வலை இரண்டும்தான் முதல் சந்தேகம். மூன்றாவது, கிராங்க்கேஸிலிருந்து கார்பரேட்டருக்கு வரும் அழுத்தக் குழாய். பம்ப் டயாப்ரம் துடிப்பது அதன் வழியாக வரும் அழுத்தத்தில்தான். அதில் வெடிப்பு இருந்தால் பம்ப் சோர்ந்துபோகும், போதாததற்கு எஞ்சினுக்குள் காற்றும் புகும்.

ஐடில் (ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறது, ஆக்சிலேட்டரை விட்டாலும் வேகம் உடனே குறையவில்லை

பழைய மெஷின்களைக் கொல்வது இந்த அறிகுறிதான். எங்கோ காற்று புகுகிறது. டூ-ஸ்ட்ரோக்கில் கலவை கிராங்க்கேஸ் வழியாகத்தான் போகிறது. அங்கே எந்தச் சந்தில் காற்று புகுந்தாலும் கலவையில் பெட்ரோலின் பங்கு குறையும், அதோடு ஆயிலும் குறையும். மெஷின் அதிக வேகத்தில் கூர்மையாக ஓடும், கேட்க நன்றாகவே இருக்கும், உள்ளே பிஸ்டன் வெந்துகொண்டிருக்கும். மெஷினைப் பக்கவாட்டில் புரட்டும்போது ஐடில் வேகம் மாறினாலும் கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள ஆயில் சீல் மேல் சந்தேகம் வர வேண்டும்.

ஓடும் எஞ்சின் மேல் அங்கங்கே பிரேக் கிளீனர் அடித்து, வேகம் மாறும் இடத்தைத் தேடுவோர் உண்டு. சூடான சைலன்சர் பக்கத்தில் எரியும் திரவத்தைத் தெளிப்பது எனக்குச் சம்மதமில்லை. ஒரு கைப்பம்ப் போதும், அழுத்தமும் தரும், உறிஞ்சவும் செய்யும் வகையாக இருக்கட்டும். செய்முறை: சைலன்சரைக் கழற்றி, துளை மேல் சைக்கிள் ட்யூப் துண்டு வைத்து, அதன் மேல் சைலன்சரை மறுபடி இறுக்குங்கள். கார்பரேட்டரை எடுத்துவிட்டு அந்த வாயையும் ரப்பர் வைத்து ஒரு தகட்டால் மூடுங்கள். பிளக் இடத்திலேயே இருக்கட்டும். அழுத்தக் குழாயில் பம்பை மாட்டி 0.5 பார், அதாவது சுமார் 7 பிஎஸ்ஐ கொடுங்கள். முள் 20 நொடி அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்பு நீரைப் பிளக் அடி, டிகம்ப்ரஷன் வால்வு, சிலிண்டர் அடி கேஸ்கெட், கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாய் என்று வரிசையாகத் தடவுங்கள். ஃப்ளைவீலுக்குப் பின்னாலும் கிளட்சுக்குப் பின்னாலும் உள்ள சீல்களில் முதலில் ஒன்றும் தெரியாது; கொஞ்ச நேரம் பொறுத்தால் தண்டை ஒட்டி அரிசி அளவுக்குக் குமிழ் ஒன்று ஊறி, உடைந்து, மறுபடி ஊறும். அந்த அளவு கசிவே பிஸ்டனுக்குப் போதும்.

இத்தோடு நிறுத்தாதீர்கள். சீலின் உதடு உள்நோக்கி இருப்பதால் உள்ளழுத்தம் அதைத் தண்டோடு சேர்த்து அழுத்தும், கசிவை மறைக்கும். அதே 0.5 பார் அளவுக்கு உறிஞ்சிப் பார்த்தால்தான் உதடு விலகும். இரண்டு சோதனையிலும் கிராங்க்கை மெல்லச் சுற்றிக்கொண்டே முள்ளைப் பாருங்கள். சில சீல்கள் ஒரு கோணத்தில் மட்டும் ஒழுகும். தண்டில் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலை ஒரு நூல் தள்ளி உட்கார வைக்க முடியுமா என்று பாருங்கள்.

சீலுக்குப் போக கிளட்சைக் கழற்ற வேண்டும். பெரும்பாலான மெஷின்களில் அது இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். எஞ்சின் சுற்றாமல் இருக்க பிளக் துளை வழியாக ஒரு கயிற்றுத் துண்டைத் திணிப்பார்கள். பிஸ்டன் எக்ஸாஸ்ட் துளையைத் தாண்டி மேலே ஏறிய பிறகுதான் திணிக்க வேண்டும். இல்லையென்றால் கயிறு துளைக்குள் நுழைந்து நசுங்கும், ரிங்கும் உடையலாம். உடல் மெக்னீசியம் என்பதால் இறுகிய போல்ட்டுக்குத் தீச்சுவாலை வேண்டாம். சூடான காற்று அடிக்கும் கன் போதும்.

கொஞ்ச நேரம் ஓடி, சூடானதும் நின்றுவிடுகிறது

நின்ற உடனே டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தால் டேங்கின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. சத்தம் இல்லையென்றால் சூடு ஆறும் முன் பொறியைச் சோதியுங்கள். சூட்டில் பொறி இல்லை, ஆறினால் வருகிறது என்றால் காயில் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. அதற்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஓடுகிறது, மரத்தில் வைத்தால் வலு இல்லை

சைலன்சருக்குள் இருக்கும் பொறித்தடுப்பு வலை கரியால் அடைத்திருக்கும். எக்ஸாஸ்ட் துளையிலும் கரி சேரும். பிஸ்டனைக் கீழே இறக்காமல், துளையை அது மூடியபடி வைத்துக்கொண்டு மரக்குச்சியால் சுரண்டுங்கள். கரிக்குக் காரணம் பெரும்பாலும் ஆயில் அளவு. பழைய புத்தகங்களில் 16க்கு 1 என்று இருப்பது அந்தக் கால எஞ்சின் ஆயிலுக்கு. இன்றைய நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயிலோடு, பழைய மெஷினுக்கு 40க்கு 1, அதாவது லிட்டருக்கு 25 மி.லி. என்பது என் தேர்வு. 50க்கு 1 என்றால் 20 மி.லி.

ஐடிலிலேயே செயின் சுற்றுகிறது

ஐடில் வேகம் அதிகம், இல்லையென்றால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. டிரம்முக்கு அடியில் உள்ள ஊசி பேரிங் காய்ந்து பிடித்தாலும் இப்படித்தான் ஆகும். எது காரணமானாலும் சரிசெய்யாமல் மரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது.

செயினுக்கு ஆயில் வரவில்லை

பார் நுனியை வெட்டிய மரத்தின் வெளிர் முகத்துக்கு மேல் பிடித்து வேகம் கொடுங்கள். மெல்லிய ஆயில் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் பாரில் உள்ள துளை, டேங்கில் உள்ள வலை, காற்றுத்துளை என்ற வரிசையில் பாருங்கள். கடைசியில்தான் பம்பும் அதைச் சுற்றும் வார்ம் கியரும்.

வெட்டு வளைகிறது, அல்லது தூள் தூளாக வருகிறது

எஞ்சினில் குறையில்லை. தூள் வந்தால் பல் மழுங்கிவிட்டது. வளைந்தால் இடப்பக்கப் பற்களும் வலப்பக்கப் பற்களும் ஒரே நீளத்தில் இல்லை. கூர்மையான பக்கம் நோக்கி வெட்டு ஓடும். இன்று நாம் பயன்படுத்தும் செயினின் வடிவம் அமெரிக்காவின் ஒரிகனைச் சேர்ந்த ஜோசப் காக்ஸ் 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு இடமும் வலமுமாக மாறி மாறிக் கடிப்பதைப் பார்த்து அவர் அமைத்தது. அந்த இரு பக்கமும் சமமாக இருந்தால்தான் நேராக வெட்டும். வழக்கமான 3/8 அங்குலச் செயினுக்கு 5.2 மி.மீ. அரம், 0.325 அங்குலத்துக்கு 4.8 மி.மீ. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் உள்ள ஆழக்கட்டுப்பாட்டு மேடு சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். பற்கள் சமமாக இருந்தும் வளைந்தால் பாரின் இரு விளிம்புகளில் ஒன்று தேய்ந்திருக்கிறது.

இப்போது திருகுகள்

கார்பரேட்டரில் உள்ள எல் (குறைந்த வேகத்துக்கானது), எச் (அதிக வேகத்துக்கானது) திருகுகள் இரண்டையும் மெதுவாக, அழுத்தாமல் முழுக்க மூடி, ஒரு சுற்று திறங்கள். வலப்பக்கம் திருப்பினால் பெட்ரோல் குறையும், இடப்பக்கம் கூடும். காற்றுச் சோதனை தேறியிருந்தால் பாரையும் செயினையும் மாட்டி, எஞ்சினைச் சூடாக்குங்கள்.

எல் திருகை ஐடில் வேகம் உச்சத்துக்கு வரும் இடத்தில் வைத்து, அங்கிருந்து துளி இடப்பக்கம் திறங்கள். ஆக்சிலேட்டரைச் சட்டென்று அழுத்தினால் தடங்கலின்றி ஏற வேண்டும். அப்புறம் ஐடில் திருகைக் குறைத்து, செயின் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். எச் திருகுக்கு, சில நொடி மட்டும் முழு வேகம் கொடுத்துக் காதை நம்புங்கள். சுமையில்லாமல் ஓடும்போது ஒலி கொஞ்சம் கரகரத்து, தடதடவென்று இருக்க வேண்டும்; மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு போய்த் தெளிய வேண்டும். சுமையில்லாமலே தெளிவாக வீறிட்டால் பெட்ரோல் குறைவு, உடனே திறங்கள். இரண்டு சுற்று திறந்தும் வீறிடல் அடங்காவிட்டால் எஞ்சினை நிறுத்திவிட்டு, காற்றுச் சோதனைக்கான கைப்பம்பை மறுபடி எடுங்கள்.

புது பிஸ்டனும் ரிங்கும் போட்டிருந்தால் முதல் சில டேங்க் வரை எச் திருகு வழக்கத்தைவிடச் சற்றுத் திறந்தே இருக்கட்டும். ரிங் படிந்து கம்ப்ரஷன் ஏறிய பிறகு இதே முறையில் இன்னொரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.